ஏழாம் லயத்தின் வரலாறு

பியாட்ரிஸ் டீச்சருக்குத் திட்டம் போடுவதென்றால் அப்படியொரு ஆசை. வெலிங்டனிலிருந்து மஞ்சூர்ப் பக்கத்து எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறி வருகிறவள் அவள். வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிரட்டும் அந்தப் பாதையிலும் நோட்டை மடியில் வைத்து எதையாவது எழுதிக்கொண்டேதான் வருவாள். பள்ளியில் மொத்தமே பதினாறு பிள்ளைகள். ஐந்தாம் வகுப்பில் ஐந்து பேர். இந்தப் பதினாறு பேருக்கா இவ்வளவு எழுத்து என்று கண்டக்டர்கூடக் கிண்டல் செய்வார்.

போன வருஷம் வரலாற்றுத் தேர்வில் பிள்ளைகள் ஒரு ராஜாவின் கோட்டையை இன்னொரு ராஜாவுக்கு எழுதி வைத்ததில் அவளுக்கு வெறுத்துப் போயிருந்தது. பார்க்காத கோட்டை, பார்க்காத கடல். பாவம், அதுகள் என்ன செய்யும்? அதனால் இந்த வருஷம் ஐந்தாம் வகுப்புக்கு ‘எங்கள் ஊரின் வரலாறு’ என்று மூன்று வாரத் திட்டம் போட்டாள். முதல் வாரம் வீட்டில் பெரியவர்களைக் கேட்டு வர வேண்டும். இரண்டாம் வாரம் அதைச் சார்ட்டில் எழுதிப் படம் வரைய வேண்டும். மூன்றாம் வாரம் தேயிலை ஃபேக்டரியை நேரில் போய்ப் பார்ப்பது. அந்தப் பிள்ளைகள் ஃபேக்டரிச் சங்கைக் கேட்டே எழுந்து வளர்ந்தவர்கள். ஒருவர்கூட உள்ளே போனதில்லை.

அனுமதி சுலபமாகக் கிடைத்தது. எஸ்டேட் ஆபீசில் வெல்ஃபேர் ஆபீசராக இருக்கும் எட்மண்ட், அவள் போகும் சர்ச்சுக்கே வருகிறவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போதே கேட்டுவிட்டாள்.

“தாராளமா கூட்டிட்டு வாங்க டீச்சர். அன்னைக்குக் கோயமுத்தூர்ல இருந்து கம்பெனிக்காரங்களும் வர்றாங்க. பசங்க எழுதுன சார்ட்டை எல்லாம் கொண்டாங்க, ஹால்ல மாட்டிரலாம். மேனேஜர் சந்தோஷப்படுவாருங்க,” என்றார் அவர்.

பியாட்ரிஸுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே வகுப்பில், வீட்டில் சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், ஒரு வார்த்தை கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

ஐந்து சார்ட்டில் சரிதாவுடையதுதான் முதல் தரம். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளை லயம் என்பார்கள்; ஏழாம் லயத்தில் இரண்டாவது வீடு அவளுடையது. தாத்தா செல்லையா இலங்கைத் தோட்டத்திலிருந்து சின்னப் பையனாகக் கப்பலில் வந்தது, ராமேஸ்வரத்தில் இறங்கி ரயிலேறியது, இந்த மலையில் காடு வெட்டிச் செடி வைத்தது, போன தை மாதம் இறந்தது எல்லாம் முத்து முத்தாக எழுதியிருந்தாள். கப்பலுக்கு நீலமும் தேயிலைக்குப் பச்சையும் தீட்டியிருந்தாள். ஆனால் தாத்தாவோடு நிறுத்திவிட்டாள்.

“அப்புறம்? வரலாறுன்னா இன்னைக்கு வரைக்கும் வரணும்ல?” என்றாள் டீச்சர்.

சரிதா பென்சிலைக் கடித்துக்கொண்டு நின்றாள். டீச்சர் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டாள். அம்மா என்ன வேலை, முன்னே என்ன செய்தார், இப்போது என்ன செய்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு, அவளையே எழுதவும் வைத்தாள். ‘என் அம்மா தெய்வம்மா இந்தத் தோட்டத்தில் கொழுந்து பறித்தார். இரண்டு வருஷத்துக்கு முன்பு அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இப்போது கேரட் அறுக்கப் போகிறார். நாங்கள் இதே வீட்டில்தான் இருக்கிறோம்.’ எழுதி முடித்ததும் சார்ட்டின் ஓரத்தில் பெரிய நட்சத்திரம் ஒன்று போட்டாள் டீச்சர்.

ஃபேக்டரியில் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இலையை வாட்டும் நீளத் தொட்டிகளுக்குள் எட்டிப் பார்த்தார்கள். உருட்டும் மெஷின் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தங்கள் அம்மாக்கள் முதுகில் சுமந்து வந்த இலை கடைசியில் தூளாகக் கொட்டுவதைக் கண்ட சுவாதி, “இம்புட்டு தானா டீச்சர்?” என்று கேட்டாள். பியாட்ரிஸ் அதைக்கூட நோட்டில் குறித்துக்கொண்டாள்.

பிறகு ஹாலில் மேனேஜர் விருந்தாளிகளுக்குச் சார்ட்டுகளைக் காட்டினார். சரிதாவின் கப்பலைப் பார்த்துப் புன்னகைத்து, அவரே வாய்விட்டுப் படித்தார். கடைசி வரிகளுக்கு வந்தபோது குரல் இறங்கியது. எட்மண்டைக் கூப்பிட்டு இங்கிலீஷில் ஏதோ கேட்டார். எட்மண்டின் முகம் சுண்டிப் போனது. நம் டீச்சரோ பிள்ளைகளுக்குப் பிஸ்கட் கொடுப்பதில் இருந்தாள். அந்த ஒரு மணி நேரம் அவளைவிடச் சந்தோஷமானவர் அந்த மலையில் யாரும் இருந்திருக்க முடியாது.

அடுத்த வியாழக்கிழமை சரிதா வரவில்லை. சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்ற டீச்சரிடம் தோட்டத்து மேஸ்திரி பாண்டியன் வந்தார்.

“ஏனுங்க டீச்சர், இப்பிடிப் பண்ணிட்டீங்களே,” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. “தோட்டத்து வேலையாளுங்க ரோல்ல ஒருத்தர் பேராவது இருந்தாத்தான் லயத்துல ஊடு. தெய்வம்மா பேரை அதுல இருந்து அடிச்சு ரெண்டு வருசமாச்சு. புருசனும் இல்ல, எங்க போகும்? லயத்துல யாரும் வாய் தொறக்கல. ஆபீஸ்ல கேட்டா அந்த ஊட்ல வேலைக்கு வர்ற ஆளுங்கதான் இருக்காங்கன்னு நான் சொல்லி ஓட்டிட்டு இருந்தேன். இப்ப ஊட்டைக் காலி பண்ணச் சொல்லி அதுக்கு நோட்டீசு, எனக்கு மெமோ.”

பத்து வருஷமாகப் பியாட்ரிஸ் இந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறாள். லயம் முழுக்கத் தெரிந்த ஒன்று அவளுக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்துகொள்ள நினைத்ததும் இல்லை.

மறுநாள் காலை எட்மண்ட் முன்னால் போய் உட்கார்ந்தாள். அவர் டீ வரவழைத்தார்.

“குழந்தை ஏதோ தெரியாம எழுதிருச்சுன்னு சொல்லிப் பாருங்க சார். நான்தான் சொல்லி எழுத வெச்சேன்னு எழுத்துலயே தர்றேன்.”

“பொய்யின்னு எழுதித் தருவீங்களா டீச்சர்?”

அவள் டீக் கோப்பையைச் சற்றுத் தள்ளி வைத்தாள்.

“மேனேஜர் போட்டோ எடுத்துத் தலைமை ஆபீசுக்கு அனுப்பிட்டாருங்க. எனக்கும் தெரியும் அந்த ஊட்டுக் கதை. கண்ணை மூடிட்டுத்தான் இருந்தேன். அத்தனை பேர் முன்னாடி செவுத்துல மாட்டுனதுக்கப்புறம் எப்பிடிங்க மூடுறது?” என்றார் எட்மண்ட். பிறகு அலமாரியிலிருந்து சார்ட்டை எடுத்து, கசங்காமல் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு அவளிடம் கொடுத்தார்.

அங்கிருந்து ஏழாம் லயத்துக்கு நடந்தாள். தெய்வம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். திட்டு வாங்கத்தான் பியாட்ரிஸ் வந்திருந்தாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டால் தேவலை என்றிருந்தது. தெய்வம்மா பலகையைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தெய்வம்மா.”

“உங்ககிட்டயும் சொல்லக்கூடாதுன்னு தானுங்களே இருந்தோம்,” என்றாள் தெய்வம்மா. “புள்ள ராத்திரி பூரா அழுவுதுங்க. தான்தான் ஊட்டைத் தொலைச்சதா நெனைக்குது.”

“அவ இல்ல, நான்தான். அவளைக் கூப்பிடுங்க, நானே சொல்றேன்.”

சரிதா உள்ளறையிலிருந்து வரவில்லை. இருமுறை கூப்பிட்டுப் பார்த்தார்கள். எங்கே போகப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, “பாக்கணுங்க,” என்றாள் தெய்வம்மா. அதற்கு மேல் அவளிடமிருந்து ஒன்றும் கேட்டுப் பெற முடியவில்லை. வெலிங்டனில் பியாட்ரிஸுக்கு இருப்பதும் இரண்டறை வாடகை வீடு. அதில் நாலு பேர். எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்ற வார்த்தை வாய் வரை வந்து, வெளியே வராமல் போனது. அதை நினைத்தால் இன்றைக்கும் பியாட்ரிஸுக்குத் தன்மீதே ஆத்திரம் வருகிறது.

சனிக்கிழமை பள்ளி கிடையாது. அன்றைக்கே ஒரு ஜீப்பில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை ஐந்தாம் வகுப்பில் நாலு பேர் இருந்தார்கள். வரலாறு வேளையில் பியாட்ரிஸ் நோட்டைத் திறக்கவில்லை. பாடம் எடுக்கத் தெம்பில்லை. பிள்ளைகளும் வழக்கம்போலச் சளசளக்காமல், கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சரிதா எந்த ஊருக்குப் போயிருக்கா, யாருக்காச்சும் தெரியுமா?”

நாலு பேரும் தெரியாது என்று தலையை ஆட்டினார்கள்.

“சுவாதி, நீ பக்கத்து ஊடு தானே? போகையில உன்கிட்ட ஒண்ணும் சொல்லலையா?”

“தெரியாதுங்க டீச்சர்.”

அந்த இறுக்கம் தாங்கவில்லை. எதையாவது பேச வைத்துவிட வேண்டும் என்றிருந்தது. வகுப்பிலேயே வாயாடி சுவாதிதான். சந்தைக்குப் போனது, மாமா வந்தது, பூனை குட்டி போட்டது என்று கேட்காமலே ஒப்பிப்பவள். டீச்சர் முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, “சரி, அதை விடு. நேத்து ஞாயித்துக்கெழம, உங்க ஊட்ல என்ன கொழம்பு?” என்று கேட்டாள்.

சுவாதி பக்கத்திலிருந்தவனை ஒருமுறை பார்த்தாள். பிறகு எழுந்து நின்று மரியாதையாக, “தெரியாதுங்க டீச்சர்,” என்றாள்.