கேள்வி கேட்டால் கொழுப்பு கரையாதாம்

தென் கொரியாவின் தேஜோன் நகரப் பேருந்துப் பணிமனையின் சாப்பாட்டுக் கூடத்தில் கும்சில் தன் டப்பாவைத் திறந்தாள். வாட்டிய பன்றி இறைச்சி, கீரை இலை, இரண்டு முட்டை. சோற்றைக் காணோம்.

“என்னக்கா, சோத்தோட சண்டையா?” என்றார் எதிரே உட்கார்ந்திருந்த ஓட்டுநர் தொக்பே.

“ஆமா, பேச்சுவார்த்தையே இல்ல. இருபது வருஷமா ஸ்டியரிங் முன்னாடி உக்காந்து வளத்த தொப்பை இது. கரைச்சுக் காட்டறேன் பாரு.”

கும்சிலுக்கு ஐம்பத்திரண்டு வயது. மூன்று ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலையில் ஒரு மாத்திரை. போன வாரம் பணிமனை மேலாளர் எல்லார் முன்னாலும், “உங்க சீட்டை மட்டும் அகலமா செய்யச் சொல்லணும்” என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளைத் தூங்கவிடவில்லை. மறுநாளே, பேட்டையில் ஹேஜங் என்பவள் நடத்திவந்த கீட்டோ குழுவில் சேர்ந்தாள். ஹேஜங் முன்பு துணிக்கடை வைத்திருந்தவள். இப்போது எல்லாருக்கும் ‘கோச்’. சோறு, நூடுல்ஸ், பழம் எல்லாவற்றையும் ஒதுக்கி, கொழுப்பைத் தின்றே கொழுப்பைக் கரைக்கலாம் என்பது அவள் பாடம்.

மூன்றாம் நாள் தலை வலித்தது. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. கும்சில் கைபேசியில் குழுவின் பொதுப்பக்கத்தில் எழுதினாள்: ‘இந்தத் தலைவலி எத்தனை நாள் இருக்கும்? உப்பு, தண்ணீர் எவ்வளவு? கிம்ச்சி ஊறுகாயில் சர்க்கரை போட்டிருந்தால் சாப்பிடலாமா? நான் சர்க்கரை மாத்திரை போடுகிறேன், அதை என்ன செய்வது?’

ஐந்தே நிமிடத்தில் அந்தச் செய்தி அழிக்கப்பட்டது. ஹேஜங் போனில் வந்தாள்.

“அக்கா, எல்லாரும் பாக்கற இடத்துல இப்படிக் கேட்டா புதுசா வர்றவங்க பயந்துட மாட்டாங்களா? கேள்வி கேக்கறவங்களுக்குக் கொழுப்பு கரையாது. நம்பறவங்களுக்குத்தான் கரையும்.”

“மாத்திரை...?”

“அதெல்லாம் ஒரு விஷயமா? மனசுல உறுதி இல்லாதவங்கதான் டாக்டர் பின்னாடி ஓடுவாங்க.”

உறுதி இல்லாதவள் என்ற பெயர் வந்துவிடுமோ என்று கும்சில் வாயை மூடிக்கொண்டாள். வாழ்க்கையில் அவள் வாயை மூடிக்கொண்டது அபூர்வம்.

ஆறாம் நாள் பதினோரு மணிக்குப் பேருந்து பாலத்தை விட்டு இறங்கியபோது அவள் கை நடுங்கியது. முதுகில் வியர்வை ஆறாக ஓடியது. எதிரே சிவப்பு விளக்கு இரண்டாகத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை ஓரம் கட்டினாள், பிரேக்கை இழுத்தாள், கதவைத் திறந்துவிட்டாள். அதற்குமேல் முடியவில்லை.

முன் இருக்கையில் இருந்த ஒரு பெண், “ஐயோ, டிரைவரம்மா! உங்களுக்குச் சுகர் இருக்கா? இதைக் குடிங்க மொதல்ல!” என்று பழச்சாறு பாட்டிலை அவள் வாயில் வைத்துச் சாய்த்தாள். பத்து நிமிடத்தில் உலகம் ஒற்றையாகத் தெரிந்தது. முப்பத்தொரு பயணிகள் நடைபாதையில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை நிமிடம் முன்னால் இது நடந்திருந்தால், பாலத்தின் மேலேயே நடந்திருக்கும்.

மருத்துவமனையில் மருத்துவர் அவளைத் திட்டவில்லை. “நீங்க போடற மாத்திரை சர்க்கரையை இறக்கற மாத்திரை. சோத்தையும் நிறுத்திட்டீங்க. ரெண்டும் சேர்ந்து கீழ தள்ளிடுச்சு. இந்தச் சாப்பாடு சில பேருக்கு ஒத்துக்கும், சில பேருக்கு ஆகாது. ஆனா மாத்திரை போடறவங்க எங்ககிட்டச் சொல்லாம ஆரம்பிக்கவே கூடாது. மாத்திரையை நீங்களா நிறுத்தவும் கூடாது. ஏன் முன்னாடியே கேக்கல?”

“கேட்டேன் டாக்டர். கேக்க வேண்டிய இடத்துல கேக்கல.”

நடந்ததை மறைக்காமல் பணிமனையில் எழுதிக் கொடுத்தாள். சர்க்கரை அளவு சீராகும்வரை வண்டியைத் தொடக் கூடாது என்று மேசை வேலையில் போட்டார்கள்.

சனிக்கிழமை குழுவின் கூட்டத்துக்குப் போனாள். ஐம்பது பேர் இருந்தார்கள். மேடையில் ஹேஜங் மைக்கைப் பிடித்து, “தோத்துப்போறவங்க யாரு? சந்தேகப்படறவங்க!” என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

கும்சில் எழுந்தாள். “கோச், ஒரு கேள்வி. நீங்க அழிச்சீங்களே, அதே கேள்வி. மாத்திரை போடறவங்க என்ன செய்யணும்?”

“உக்காருங்கக்கா. ஆறே நாள்ல ஓடிப்போனவங்க இங்க பாடம் எடுக்க வேணாம்.”

கூட்டம் சிரித்தது. ஒருவர், “சோத்து மேல ஆசை விடல போல!” என்றார்.

“ஆமாய்யா, ஆசைதான். பஸ்ல இருந்த முப்பத்தொரு பேரும் வீட்டுக்குப் போய்ச் சோறு திங்கணும்னு ஆசை!” என்றாள் கும்சில். பாலத்தடியில் நடந்ததை அப்படியே சொன்னாள். சிரிப்பு நின்றது. “இங்க சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மருந்து எடுக்கறவங்க யாரு? கையைத் தூக்குங்க.”

யாரும் தூக்கவில்லை. பிறகு பின்வரிசையில் குக் என்ற தச்சர் மெல்ல உயர்த்தினார். “நான் இன்சுலின் போடறேன். நிறுத்திடலாமான்னு யோசிச்சேன். கேக்க வெக்கமா இருந்துச்சு.” அவரையடுத்து ஒரு கை. பிறகு இன்னொன்று. பதினோரு கைகள்.

ஹேஜங்கின் முகம் சிவந்தது. “இந்த அம்மாவை வெளிய அனுப்புங்க!”

“நானே போறேன். ஆனா சொல்லிட்டுத்தான் போவேன். பஸ்ல கடைசி சீட்டு வரைக்கும் கேக்கற மாதிரி கத்திப் பழகினவ நான், எனக்கு மைக் வேணாம்.” கும்சில் கதவருகே திரும்பி நின்றாள். குக் தன் கோட்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார். இன்னும் நான்கு பேர் எழுந்தார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“இளைக்கறதும் இளைக்காததும் உங்க இஷ்டம். எதைத் திங்கணும், எதை விடணும்னு படிச்ச டாக்டரைக் கேளுங்க, ஆயிரம் தடவை கேளுங்க. கேக்காதேன்னு எவன் சொன்னாலும், எவ சொன்னாலும், அவங்க கையால ஒரு வாய்கூட வாங்கித் திங்காதீங்க. கேள்வி கேக்கறது பலவீனம் இல்ல. உடம்பு நம்மளது, கேக்கற உரிமையும் நம்மளது!”