மருந்து பண்ற வேலை

இஸ்திரிப் பெட்டியை அவள் புருஷனின் முன்கையில் வைத்து அழுத்தினாள். முன்னறையில் ஊர்த்துணிக்கு இஸ்திரி போட்டுத்தான் அவள் பிழைப்பு. தன் சட்டை மடிப்பு சரியில்லை என்று அவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான் அவன். கல்யாணமான நாளிலிருந்து செய்வதுதான். அன்றைக்கு மட்டும் அவள் கையில் சூடாக ஒன்று இருந்தது. தோல் பொசுங்கி நாறியது. ஆறடி ஆள் தரையில் உட்கார்ந்து அம்மா என்று அலறினான்.

பழி அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஸ்டீராய்டு மாத்திரை மேல் விழுந்தது. நாள்பட்ட மூட்டுவாதம் அவள் கண்ணையும் பிடித்து, உள்ளே வீங்கி, பார்வை மங்கிக்கொண்டிருந்த நேரம். மாத்திரை சாப்பிட்டால் தூக்கம் கெடும், எரிச்சல் வரும் என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லியிருந்தார். "எல்லாம் மருந்து பண்ற வேலை. வாயில்லாப் பூச்சியா இருந்தவ," என்றாள் நாத்தனார். அவனும் நம்பினான். பெண்டாட்டியிடம் தோற்பதற்கு மாத்திரையிடம் தோற்பது எவ்வளவோ தேவலை. அதற்குப் பிறகு ஒருநாள் குடித்துவிட்டு வந்தவனை அவள் செருப்பாலேயே சாத்தினாள். "மருந்து முடியட்டும்டி, கவனிச்சுக்கறேன்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு போய்ப் படுத்தான். அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

மாத்திரையை டாக்டரம்மா படிப்படியாகக் குறைத்து நிறுத்திய விஷயத்தை அவள் வீட்டில் மூச்சு விடவில்லை.

இப்போது கண்ணில் மறுபடி வீக்கம். இந்தமுறை கண்ணுக்குள்ளேயே ஊசி. துணைக்கு ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதால் அவன் வந்திருந்தான். ஊசி முடிந்து கட்டுப் போட்ட கண்ணோடு அவள் சாய்ந்திருக்க, அவன் டாக்டரம்மாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"டாக்டர், இதனால இவளுக்குக் கோவம் இன்னும் ஏறுமா?"

"இது கண்ணோட நின்னுடும். கோவத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. மாத்திரைய நிறுத்தியே ரொம்ப மாசம் ஆச்சே."

அவன் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தான்.

பஸ்ஸில் முன்கைத் தழும்பைத் தடவிக்கொண்டே வந்தான். அவளுக்குப் பழைய பயம் திரும்பி வந்துவிட்டது, சனியன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் தாழ்ப்பாளைப் போட்டான்.

"அப்போ அது நீதான்."

"நான்தான்."

அவன் பெல்ட்டை உருவினான். கட்டுப் போட்ட கண் இருக்கும் பக்கமாகச் சுற்றி வந்தான். அவளும் கூடவே திரும்பினாள், நல்ல கண்ணை அவன் மேலிருந்து எடுக்காமல். முதுகு இஸ்திரி மேசையில் இடித்தது. கையைப் பின்னால் விட்டுத் துழாவிச் சுவிட்சைப் போட்டாள். இஸ்திரிப் பெட்டியில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

சூடேறக் கொஞ்ச நேரமாகும். அது இரண்டு பேருக்கும் தெரியும்.