ஈரமான ஈத்தர்

கடலைப் புண்ணாக்கிலிருந்து எடுத்த சாற்றில் ஒரு சொட்டைத் தாளில் வைத்து, புற ஊதா விளக்கில் பார்த்தால் நீலமாக ஒளிர்ந்தது. அதே சாற்றைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பிரித்தால் கடைசியில் நீலமே இல்லை. சோதனையாளர் ரேணுகாம்பாள் மூன்று முறை செய்துவிட்டாள். உள்ளே போன நஞ்சு எங்கே போயிற்று?

திருவண்ணாமலையின் தீவன சோதனைக்கூடத்தில் அது 1979ஆம் ஆண்டின் கார்த்திகை மழைக்காலம். நனைந்த கடலையில் பூசணம் பிடித்தால், அந்த விளக்கில் நீலமாக ஒளிரும் நஞ்சு ஊறும். ஆனால் கடலையில் இயல்பாக ஒளிரும் பொருள்களும் உண்டு என்பதால் பிரித்தே தீர வேண்டும். குழாயில் சிலிக்காத் தூள். நஞ்சு அதை இறுகப் பற்றிக்கொள்ளும். முதலில் ஊற்றும் ஹெக்ஸேன் எண்ணெயை இழுத்துச் செல்லும், அடுத்து ஈத்தர் நிறங்களை. கடைசியாக மெத்தனால் கலந்த குளோரோஃபார்ம்தான் நஞ்சின் பிடியை விடுவிக்கும்.

வாசலில் மாடு வளர்க்கும் கீழ்பென்னாத்தூர் இருசப்பன் நின்றார்.

“ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்தீங்களேம்மா. அத நம்பித்தான் மறுபடியும் அந்தப் புண்ணாக்க வச்சேன். ரெண்டு கன்னுக்குட்டியும் போச்சு. எருமையும் படுத்துக்கிச்சு. மில்லுக்காரன் உங்க சீட்ட கடையில ஒட்டி வச்சிக்கினு இன்னும் விக்கிறான்.”

ரேணுகாம்பாள் மேசைக்குத் திரும்பினாள். கொட்டுவதற்காக வைத்திருந்த ஈத்தர் கழிவை விளக்கின் கீழ் பிடித்தாள். நீலம். நிறங்களோடு நஞ்சும் முன்னதாகவே இறங்கியிருந்தது.

“ஈத்தர்ல தண்ணி இருந்தா சிலிக்கா தண்ணியப் புடிச்சிக்கும், நஞ்ச விட்டுடும்” என்றாள்.

“பால்லதான் தண்ணி கலப்பாங்க. ஈத்தர்ல யாரு மேடம் கலக்கறது?” என்று சிரித்தார் உதவியாளர் ஹபீப் முகம்மது.

“நாமதாங்க. மெட்ராஸ்லருந்து புதுசு வரலன்னு பழைய ஈத்தர தண்ணில அலசி, வடிச்சி வச்சோமே.”

அவர் சிரிப்பு நின்றது. ஈரம் போக்கிய ஈத்தரில் நான்காவது முறை பார்த்தபோது நீலம் கடைசியில், தன் இடத்தில் வந்தது.

“எருமைக்கு மருந்து இருக்காம்மா?”

“இல்லீங்க” என்றாள். பழைய முடிவு தவறு, புண்ணாக்கில் நஞ்சு உண்டு என்று எழுதி, கையெழுத்திட்டு அவரிடம் நீட்டினாள். “மொதல்ல இத அந்தக் கடையில ஒட்டுங்க.”

அவர் போனபின் செய்முறை நோட்டில் எழுதினாள்:

ஈத்தரில் நீரற்ற சோடியம் சல்பேட் உப்பைப் போட்டுக் குலுக்க வேண்டும். ஈரம் இருக்கும்வரை உப்பு அடியில் கட்டியாக ஒட்டும். இன்னும் போட வேண்டும், குடுவையைச் சாய்த்தால் மணல்போல் தனித்தனியாக உருளும்வரை.