ஒரே வீட்டில் இரண்டு கால்வலி

எங்கள் வீட்டில் கால்வலி என்றால் அது என்னுடையது. இருபது வருடம் தையல் மெஷினில் குனிந்து உட்கார்ந்து சம்பாதித்தது. சயாட்டிகா என்று டாக்டரம்மா சொன்னார். இடுப்பில் நரம்பு நசுங்கி, வலி புட்டத்தில் புறப்பட்டு, தொடையின் பின்பக்கமாகப் பாதம் வரை சுரீரென்று இறங்கும். தும்மினால் உயிர் போய் உயிர் வரும். எழுந்து நாலு நடை நடந்தால்தான் கொஞ்சம் அடங்கும்.

என் வீட்டுக்காரர் தபால்காரர். ஒரு நாள் வேலை முடிந்து வந்தவர், "உன் வியாதி எனக்கும் ஒட்டிக்கிச்சு போல" என்றார்.

"ஒட்டிக்கிறதுக்கு அது என்ன சளியா?"

"இடது காலு. கெண்டைச்சதை அப்படியே இறுகிக்குது. அதுவும் அந்த மில் தெருவுல மட்டும்தான். மத்த தெருவெல்லாம் ஜம்முனு நடக்குறேன்."

அந்தத் தெருவில் ஒரு பக்கம் மில்லின் நீண்ட மதில், மறுபக்கம் வெறும் பொட்டல். ஒரு வீடு கிடையாது. தெருவைக் கடக்க இவர் நடுவில் இரண்டு தடவை நிற்க வேண்டியிருந்ததாம். ரோடு சரியில்லை என்று சொல்லி, வேறு பக்கம் மாற்றித் தரும்படி ஆபீசில் எழுதிக்கூடக் கொடுத்தார்.

ரோடாவது மண்ணாவது! தோள் பையின் கனம் இடுப்பை இழுக்கிறது, சயாட்டிகாதான் என்று நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியாத கால்வலியா? என் மாத்திரை, என் உடற்பயிற்சி, என் வெந்நீர்ப் பை எல்லாவற்றையும் அவருக்குக் கொடுத்தேன். என் வலி இனி இந்த மனிதருக்கும் புரியும் என்று உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம் இருந்ததையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு சாயங்காலம் அவர் இடது பாதத்தைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. வெந்நீர்ப் பையை இடுப்பிலிருந்து எடுத்துப் பாதத்தில் வைத்தேன்.

"சூடு போதுமா?"

"ஒண்ணும் தெரியலையே."

இன்னும் கொதிக்கக் கொதிக்க ஊற்றி வைத்தேன். மறுநாள் சுண்டுவிரலில் கொப்புளம். அது உடைந்து புண்ணாகி, மூன்று வாரமாகியும் ஆறவில்லை. ஓரம் கறுக்க ஆரம்பித்தது. "இதுக்கெல்லாம் டாக்டரா?" என்றவரை விடாமல் இழுத்துக்கொண்டு போனேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் நானே முழுக் கதையையும் ஒப்பித்தேன்.

"நீங்க கொஞ்சம் இருங்கம்மா, அவர் பேசட்டும்" என்றார் டாக்டரம்மா. "உட்கார்ந்திருந்தா வலிக்குதா?"

"இல்லைங்க."

"இருமினா, தும்மினா?"

"இல்லை."

"இடுப்புலேருந்து இறங்குதா?"

"கெண்டைக்கால்லதான் வரும். கொஞ்ச தூரம் நடந்தா பிடிச்சுக்கும். நின்னா ரெண்டு நிமிஷத்துல போயிடும்."

அவரைப் படுக்க வைத்து, முட்டி மடங்காமல் காலை மேலே தூக்கினார். என்னை அப்படித் தூக்கினால் ஆஸ்பத்திரியே அலறும். இவர் பேசாமல் கிடந்தார். பிறகு பாதத்தின் மேலும் கணுக்காலின் பின்னும் இரண்டு விரலை வைத்து டாக்டரம்மா வெகுநேரம் தேடினார். வலது காலையும் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி இடதுக்கு வந்தார்.

"இதுல துடிப்பே கிடைக்கலை" என்றார். "உங்களுக்கு நரம்பும்மா. இவருக்கு ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. நடக்கும்போது சதைக்கு ரத்தம் பத்தாம வலிக்குது, நின்னா அடங்குது. சிகரெட் உண்டா?"

"நாலு..." என்று என்னைப் பார்த்தார். "பத்து."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மற்ற தெருக்களில் வாசலுக்கு வாசல் நின்று தபால் போட்டு, இரண்டு வார்த்தை பேசிவிட்டு நகர்கிறவர் இவர். ஒரே மூச்சில் நடக்க வேண்டியிருந்தது மில் தெருவில் மட்டும்தான். ஆறு மாதமாக அந்தக் கால் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, என் மரமண்டைக்கு எட்டவில்லை.

"இந்தப் புண் எப்படி வந்துச்சு?"

"செருப்பு கடிச்சிடுச்சு டாக்டர்" என்றார் இவர், சட்டென்று.

நான் குறுக்கிட்டேன். "பொய் சொல்றார் டாக்டர். நான்தான் வெந்நீர்ப் பை வெச்சுச் சுட்டுட்டேன்."

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. ரத்தம் ஓடாத காலுக்குச் சூடு தெரியாது, புண்ணும் லேசில் ஆறாது என்று மட்டும் சொன்னார். "கால் போயிடுமோ?" என்று கேட்டேன். "உடனே அடைப்பை எடுத்தா காலைக் காப்பாத்தலாம். விரலுக்கு உறுதி சொல்ல முடியாது" என்று அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

பலூன் வைத்து அடைப்பைத் திறந்தார்கள். கால் பிழைத்தது. சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

வீட்டுக்கு வந்தபின் கட்டு மாற்றுவது என் வேலை. முதல் நாள் பஞ்சைப் பிரித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஏங்க, என்னை ஒரு வார்த்தை திட்டிடுங்க. மனசு ஆறும்."

அவர் யோசித்தார். "தையல்காரியா இருந்துக்கிட்டு, அளவெடுக்காம உன் சட்டையை எனக்கு மாட்டிவிட்டுட்டியே!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் அந்த நாலு விரல் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.