ஆழ்ந்த இறங்கல்

வசுமதி எழுதிய இறங்கல் மறுநாள் காலையில் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது.

பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறந்தாள். செருப்பு ஸ்டாண்டு இருந்த இடத்தில் ஒரு படிக்கட்டு கீழே போனது. அடுக்ககத்தின் பழைய படிக்கட்டு வேறு. அது லிஃப்டுக்குப் பக்கத்தில் தன்பாட்டுக்கு இருந்தது. இது புதிது. சிமெண்ட் ஈரம்கூடக் காயவில்லை. முதல் படியில் பால் பாக்கெட் உட்கார்ந்திருந்தது.

பக்கத்து வீட்டு ரெங்கநாயகி எட்டிப் பார்த்தாள்.

"உங்களுக்கு வந்ததா?"

"ஆமா."

"என்ன எழுதினீங்க?"

"இரங்கல்."

"எந்த ர?"

வசுமதி படிக்கட்டைக் காட்டினாள். ரெங்கநாயகிக்குப் புரிந்துவிட்டது.

"உங்களுக்கேவா!" என்று மோவாயில் கை வைத்தாள். அவள் முகத்தில் வருத்தத்தைவிடச் சந்தோஷம் ஒரு பிடி கூடுதலாக இருந்தது.

அவளையும் குறை சொல்ல முடியாது. இணையத்தில் எழுதுவது மறுநாள் எழுதியபடியே வந்து சேரும் ஊர் அது. அந்த ஊரில் வசுமதிக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. போன மாதம் ரெங்கநாயகி, 'சமையலறைச் சுவரில் பள்ளி தொல்லை தாங்கலை' என்று போட்டாள். மறுநாளிலிருந்து அவள் வீட்டு டியூப்லைட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளி நடக்கிறது. காலையில் பிரார்த்தனை, மத்தியானம் சத்துணவு, எல்லாம் முறையாக உண்டு. மேல்மாடிக்காரர் தன் மாமனாருக்குப் 'பல்லாண்டு வால்க' என்று வாழ்த்துப் போட்டார். மாமனார் அதிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டுதான் போகிறார். 'இன்று எங்கள் வீட்டில் புலி சாதம்' என்று படத்தோடு போட்ட குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டது. அந்த வீட்டுக்கு இன்னும் வாடகைக்கு ஆள் வரவில்லை.

இதற்கெல்லாம் மருந்து வசுமதிதான். யார் எதை எழுதினாலும் கீழே போய் 'இது சின்ன ல', 'இங்கே ஒற்று வேண்டும்' என்று போடாவிட்டால் அவளுக்குக் கை அரிக்கும். அந்தத் திருத்தத்துக்கு லைக் விழ விழ, வந்தது போகும். லைக் விழாத திருத்தம் செல்லாது. 'பல்லி' என்றும் அவள் திருத்திப் பார்த்தாள். அதற்குள் சுவரில் பிள்ளைகள் அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்திருந்தார்கள். லைக் போட ஒருவருக்கும் மனசு வரவில்லை.

வசுமதி வீட்டுக்கு மட்டும் எதுவும் வந்ததில்லை. அவள் எழுத்தில் பிழை விழாது. நேற்று வரைக்கும் அப்படித்தான்.

நேற்று பிலோமினா எழுதியிருந்தாள். பிலோமினா வசுமதியின் பள்ளிக்கூடத்துத் தோழி. இரண்டு பேரும் ஒரே பெஞ்சு, ஒரே டிபன் பாக்ஸ். 'என் அப்பா சூசை மாணிக்கம் இன்று காலமாணார்' என்று இருந்தது. மாணார். மூன்று சுழி. வசுமதியின் கண் அந்தச் சுழியில் போய் மாட்டிக்கொண்டது. கை அதுபாட்டுக்கு எழுதியது: 'காலமானார். இரண்டு சுழி.'

அதற்குப் பிறகுதான் வாக்கியத்தை முழுசாகப் படித்தாள். சூசை அப்பா. ஊட்டிவிட்டு வளர்த்தவர் என்று சொல்ல முடியாது. ஆனால் பொன்மலை ரயில்வே காலனியில் அவர் வாங்கிக் கொடுத்த பன்பட்டர் ஜாமுக்குக் கணக்கில்லை. வசுமதி தலையில் அடித்துக்கொண்டாள். திருத்தத்தை அழிக்கப் போனாள். அதற்குள் லைக் விழுந்திருந்தது. லைக் விழுந்ததை அழிக்க முடியாது. பதறிப்போய்க் கீழே இன்னொன்று எழுதினாள். 'ஆழ்ந்த இறங்கல்.' பெரிய ற விழுந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

பிலோமினா இரண்டுக்கும் பதில் போடவில்லை. மற்ற எல்லாருக்கும் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தாள். வசுமதிக்கு மட்டும் இல்லை. அதுதான் ராத்திரி முழுக்க அவளைப் போட்டுத் தின்றது. முப்பது வருஷச் சிநேகிதம் ஒரு சுழியில் அறுந்துவிட்டதோ என்று பயமாக இருந்தது.

இப்போது படிக்கட்டு வந்திருந்தது. எங்கே போகும் என்று பார்க்க ஆசையாகவும் இருந்தது. பால் பாக்கெட்டை உள்ளே வைத்துவிட்டு இறங்கினாள்.

படிகள் ஒழுங்காகத்தான் இருந்தன. ஆனால் இரண்டு மாடி இறங்கியும் தரைத்தளம் வரவில்லை. 'ஆழ்ந்த' என்று வேறு போட்டுத் தொலைத்திருந்தாள். மேலே யாரோ அந்த இரங்கலுக்கு லைக் போட்டார்கள் போலிருக்கிறது. காலடியில் இன்னொரு படி முளைத்தது.

படிக்கட்டு திரும்பும் இடத்தில் ஒரு ஜன்னல். மேலே 'பிழைப் பிரிவு' என்று பலகை. உள்ளே ஒருவர் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தார்.

"உக்காருங்க" என்றார். உட்கார ஒன்றும் இல்லை.

"பரவால்ல சார்."

"உங்க பேர்ல ரெண்டு இருக்கு. ஒண்ணு, காலமானார். அது சரி. சரியா இருக்கறத எங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

"அதத்தான் சார் எடுக்கணும்."

"தப்பா எழுதிருந்தீங்கன்னா எடுத்திருக்கலாம்." அவர் வருத்தப்பட்டார். "இன்னொண்ணு, இறங்கல். அது தப்பு. சின்ன ர போட்டுறலாமா? ஒரு நிமிஷ வேலை."

"போட்டா?"

"படி போயிரும். நீங்க வீட்டுல இருப்பீங்க. யாருக்கும் தெரியாது."

வசுமதிக்கு வாயில் எச்சில் ஊறியது. பிழை இல்லாத பெயர் திரும்பக் கிடைத்துவிடும். ரெங்கநாயகியின் முகத்தை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள்.

"படி எங்க சார் போகுது?"

"எழுதினது யாருக்கு?"

"பிலோமினாவுக்கு."

"அப்ப அங்கதான்."

"அப்படியே தப்பாவே இருக்கட்டும் சார்" என்றாள் வசுமதி. சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் மீதிக் கொய்யாவை நீட்டினார். உப்பு மிளகாய்த்தூள் தடவியிருந்தது. தின்றுகொண்டே இறங்கினாள்.

படிக்கட்டின் அடியில் பிலோமினா வீட்டு முன்னறை இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில் அடித்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் சூசை மாணிக்கம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பிலோமினா தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"வசும்மாவா? வா வா" என்றார் அவர்.

பிலோமினா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அப்பா..." என்றாள் வசுமதி. அவர் காலைப் பார்த்தாள்.

"கால் மட்டும் காலமாயிருச்சும்மா. மத்தபடி சௌக்கியம்."

"நேத்து மூச்சு நின்னவரு, இன்னைக்குக் காலையில எந்திரிச்சு உக்காந்தாரு" என்றாள் பிலோமினா, பாதத்தைப் பார்த்தபடியே. "காபி கேட்டாரு. குடிச்சாரு. அப்பறம் உன் திருத்தத்துக்கு லைக்கு கூட ஆரம்பிச்சுது. மொதல்ல வெரலு. அப்பறம் பாதம். இப்ப முட்டிக்கு வந்துருச்சு."

"எனக்குத் தெரியாதுடி. கை தானா எழுதிருச்சு."

"நான் தெரிஞ்சுதான்டி மூணு சுழி போட்டேன்." பிலோமினா இப்போது நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. "எனக்கு ன தெரியாதா? ஒரே தமிழ் மிஸ்ஸுகிட்டதானடி ரெண்டு பேரும் படிச்சோம்? ரெண்டு சுழி போட்டா செத்தது செத்ததுதான். அதான் ஒரு சுழி கூடப் போட்டேன். ஊர்ல ஒருத்தருக்கும் கண்ணுல படல. உனக்குப் பட்டுச்சு."

வசுமதிக்கு அழுகை வந்தது. அழுதாள்.

"பிள்ளைய வையாத பிலோ" என்றார் சூசை மாணிக்கம். "அவ எழுதினது சரிதான். நானா இருந்தாலும் திருத்தியிருப்பேன்."

அவர் தொடை லேசாக அசைந்து நின்றுபோனது. மேலே யாரோ லைக் போட்டிருக்க வேண்டும்.

வசுமதி முந்தானையில் கையைத் துடைத்தாள். செல்போனை எடுத்தாள். சரியாக இருப்பதை எடுக்க முடியாது என்றுதானே அந்த ஆள் சொன்னார். சரியையே தப்பாக்கிவிட்டால்? எழுதினாள். 'மன்னிக்கவும். மேலே நான் போட்ட திருத்தம் பிழை. காலமாணார் என்பதே சரி. மூன்று சுழி.'

செல்போன் அந்தச் சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டது. வசுமதி வாழ்நாளில் தெரிந்து ஒரு பிழை எழுதியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு யாரோ கேட்டார்கள். 'அப்படியா? என்ன விதி மேடம்?'

பிலோமினா எட்டிப் பார்த்தாள். "என்னடி சொல்லப்போற?"

வசுமதி எழுதினாள். 'பொதுவாக இரண்டு சுழிதான். அப்பாக்களுக்கு மட்டும் மூன்று.'

வசுமதி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது ஊருக்குப் பழகிப்போயிருந்தது. லைக் விழ ஆரம்பித்தது. ரெங்கநாயகி இதயம் போட்டாள். 'இத்தனை நாள் தெரியாமல் போச்சே' என்று ஒருவர் எழுதினார். 'என் அப்பாவுக்கும் மாற்றலாமா?' என்று இன்னொருவர் கேட்டார். மாற்றலாம் என்று வசுமதி பதில் போட்டாள்.

சூசை மாணிக்கத்தின் தொடை அசைந்தது. பிறகு முழங்கால். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தன் காலை வேடிக்கை பார்த்தார்.

பிலோமினா எழுந்துபோய் இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்தாள். ஒன்றை வசுமதி கையில் திணித்தாள். முந்நூறு பேர் இரங்கல் எழுதியிருந்தார்கள் என்றாள். எல்லாம் சின்ன ர. ஒருத்தரும் வரவில்லை.

காபி குடித்து முடித்து வசுமதி திரும்பிப் பார்த்தாள். படிக்கட்டு மேலே போவதாக இல்லை.

"எப்பிடிப் போவ?" என்றாள் பிலோமினா. "இறங்கல்னுதான எழுதிருக்க."

"யாராச்சும் ஏறல்னு எழுதணும்."

"நான் எழுதறேன். நாளைக்கு வந்துரும்." பிலோமினா செல்போனை எடுத்தாள். விரல் நின்றது. "எந்த ற?"

வசுமதி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"உனக்கு எது வருதோ அத எழுது."

"சின்ன ர விழுந்துட்டா?"

"ஏரல் வரும். தூத்துக்குடிப் பக்கம் இருக்கே, அந்த ஊரு."

"அங்கேருந்து?"

"பஸ் இருக்கு."

"ஏரலா?" என்றார் சூசை மாணிக்கம். "ஆத்தங்கரை ஊரு. நல்ல காத்து வரும். அப்ப என் செருப்ப எங்க வச்ச, பிலோ?"

அவள் சொல்வதற்குள் அவரே நாற்காலிக்கு அடியில் காலை விட்டுத் துழாவ ஆரம்பித்தார்.