எத்திராஜ் கையில் இருந்த ஒமேகா

கடிகாரத்தின் கொக்கி எங்கே இருக்கிறதென்று மோகன்ராஜுக்குத் தெரியவில்லை. அப்பாவின் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு எஃகுப் பட்டையைத் திருகிப் பார்த்தான். வாசலில் குளிப்பாட்டத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

"மெதுவாடா, கை வலிக்கப்..." என்று ஆரம்பித்த நளினி நிறுத்திக்கொண்டாள். தம்பியை விலக்கிவிட்டு, பட்டையின் அடியிலிருந்த இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினாள். திறந்துகொண்டது.

காலை ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தார் அப்பா எத்திராஜ். அப்படியே சரிந்துவிட்டார். புத்தூரிலிருந்து வந்த டாக்டர், அம்மாவிடம் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார். திருப்பதியில் வெளிநாட்டுக் கடிகாரங்கள் விற்கும் ஷோரூமில் இருபத்திரண்டு வருஷம் விற்பனையாளராக இருந்தவர். அவர் கையில் எப்போதும் கிடந்தது பழைய டைட்டன்தான்.

மோகன் கடிகாரத்தின் முகப்பைப் படித்தான். "ஒமேகா. கடையில வேலை செய்றவங்க இத கட்டவே கூடாதுன்னு நைனாவே சொல்லுவாரேக்கா."

அவள் கடிகாரத்தை அப்பாவின் கையிலிருந்து உருவி எடுத்தாள்.

"எடுத்துக்கினு வந்துட்டாரா?"

"வாய மூடு. அம்மா இருக்காங்க."

"ரோலெக்ஸா இருந்தா தெருவுல பாக்கறவன்கூட கண்டுபுடிச்சிருப்பான். இது எவனுக்கும் தெரியாது. பீரோவுல வச்சுப் பூட்டு."

சாப்பிடும்போது அப்பா பேசுவதெல்லாம் இதைப் பற்றித்தான். ரோலெக்ஸ் வாங்க வருகிறவன் பெயரைக் கேட்டு வருகிறான், காத்திருந்தாவது வாங்குவான், விற்கப் போனாலும் கைக்கு நஷ்டம் வராது என்பார். ஒமேகா கேட்கிறவன் நாலு இடத்தில் படித்துவிட்டு வருவான், அந்தக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு சந்திரனுக்குப் போன கதையை நமக்கே பாடமாக நடத்துவான் என்று சிரிப்பார். உனக்கு எது பிடிக்கும் நைனா என்று கேட்டால் மட்டும், "நான் விக்கறவன்ம்மா" என்பார்.

நளினி கடிகாரத்தைப் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பீரோவைப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு ஷோரூம் மேனேஜர் ஹரிபாபு மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு நெடுநேரம் தலைமாட்டில் நின்றார். பிறகு நளினியை வேப்ப மரத்துப் பக்கம் கூப்பிட்டார். மோகனும் பின்னாலேயே வந்தான்.

"ஏமி அனுகோகம்மா, தப்பா நெனக்காதே. சனிக்கிழமை சாயங்காலம் அவர் கிளம்பறத கேமராவுல பாத்தேன். கையில ஒரு ஒமேகா இருந்துச்சு. நம்ம ஸ்டாக் சரியாத்தான் இருக்கு. அதனாலதான் கேக்கறேன், அது யாருது? எதனா கஸ்டமர் வந்து கேட்டா நான் என்ன சொல்லணும்?"

மோகன் அக்காவையே பார்த்தான்.

"காலையில நைனா கையில ஒண்ணும் இல்ல சார்," என்றாள் நளினி.

ஹரிபாபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிம்மா. நீ சொன்னா சரி." போகாமல், ஆண்களோடு ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். அதன் பிறகு அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டு மணிக்கு, பாடை கட்டி முடிகிற நேரத்தில், தெருமுனையில் ஒரு கார் நின்றது. நாற்பது வயதுக்காரர் ஒருவர் இறங்கி வந்து, அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அவர் பார்வை ஒருமுறை அப்பாவின் வெறுங்கைக்குப் போய்த் திரும்பியது. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வந்த வழியே நடந்தார்.

நளினி உள்ளே ஓடிப் பீரோவைத் திறந்தாள்.

"வேணாங்க்கா," என்று மோகன் கதவை மறித்தான். அவள் அவனைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

கார்க் கதவருகே அவரைப் பிடித்துவிட்டாள். "இது உங்களுதா சார்?"

"ஆமாம்மா. என் பேரு அஷ்வின், சித்தூர்ல மாம்பழக் கூழ் ஃபேக்டரி வச்சிருக்கேன். இன்னைக்கி அவர பாக்கறதா இருந்தேன். போன் பண்ணப்போதான் சொன்னாங்க." கடிகாரத்தை வாங்கவே கை நீட்டவில்லை. "எங்கிட்ட ரோலெக்ஸ் ஒண்ணு, இது ஒண்ணு. ஒண்ணுதான் வச்சுக்கப்போறேன், எது நல்லதுன்னு கேட்டேன். பேரு வேற, கட்டறது வேற சார், ஒவ்வொண்ணையும் ஒரு வாரம் கட்டிப் பாத்துட்டு சொல்றேன்னார். ரூல் ஒத்துக்காது, கடையில சொல்ல வேணாம்னும் சொன்னார். போன வாரம் ரோலெக்ஸ், இந்த வாரம் இது."

நளினி கடிகாரத்தை அவர் பக்கம் நீட்டினாள்.

"எதுன்னு உங்ககிட்ட எதனா சொன்னாராம்மா?"

"சொல்லல சார்." தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள். "போன வாரம் பூரா முழுக்கைச் சட்டைக்கு மணிக்கட்டுல பட்டன் போட்டுக்கினே இருந்தார். சாப்பிடறப்போகூட அவுக்கல. கையில என்னா நைனான்னு கேட்டதுக்கு ஒண்ணுமில்லன்னார். இந்த வாரம் சட்டைக் கைய மடிச்சு விட்டுக்கினு இருந்தார். நான்தான் கவனிக்கல."

"அப்போ இதுதான்ம்மா," என்று அஷ்வின் கடிகாரத்தை வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டார். கார் கிளம்பியது.

அவள் திரும்பியபோது பத்தடி தள்ளி ஹரிபாபு நின்றிருந்தார். எப்போது வந்தாரென்று தெரியவில்லை. எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

"சார்..." என்றாள்.

மேளம் ஆரம்பித்தது. பாடையைத் தூக்கிவிட்டார்கள். முன்னால் தீச்சட்டியோடு மோகன் வந்தான். ஹரிபாபு வேலியோரம் குனிந்து, பளபளத்த கறுப்பு ஷூக்களைக் கழற்றி வைத்தார். கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, கூட்டத்துக்குள் புகுந்து, இடது பக்கம் தோள் கொடுத்தார்.

பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். மேளச் சத்தம் கரும்புத் தோட்டத்தைத் தாண்டிப் போயிற்று. வேலியோரம் வெயில் ஏறியிருந்தது. நளினி அந்த ஷூக்களை எடுத்து வந்து நிழலில் வைத்தாள்.