ஆரத்திச் சிவப்பு

தேயிலைத் தோட்டத்துத் துரையின் தூண்டிலுக்கு மெழுகும் தேங்காய் எண்ணெயும் உருக்கி, மஞ்சள் கலந்து மெத்தென்ற போலிப் புழு செய்து கொடுப்பவன் செல்லசாமி. நேற்று அந்தப் புழுவை ஒரு மீனும் சீண்டவில்லை. பக்கத்து லயத்தில் குடியிருக்கும் கணேசமூர்த்தியின் சிவப்புப் புழுவுக்கோ நாலு மீன். "இனி நீயே செய்" என்று துரை கணேசமூர்த்தியின் தோளைத் தட்டிவிட்டுப் போனதும் செல்லசாமி அவனை மறித்தான்.

"அந்தச் சாயம் எந்தக் கடையிலடா?"

"கடையா? ஆரத்தி மாதிரி மஞ்சள்ல சுண்ணாம்பு சேர்த்தேன். உங்க வீட்டு அக்காதான் சொன்னாங்கண்ணே!"

செல்லசாமி வீட்டுக்குப் பாய்ந்தான். "அவனுக்குச் சொன்னவ எனக்கு ஏன்டி சொல்லல?"

"அவரு கேட்டாரு," என்றாள் அவன் மனைவி பேச்சியம்மா. "நீங்க என்னை அடுப்புப் பக்கமே விடலையே."

செல்லசாமி மெழுகுச் சட்டியை அவள் முன் தள்ளினான்.

"அவனோடதைவிடச் சிவப்பா வரணும்."